'சின்னதாக ஒரு குத்து' என்று மாமியார் சொன்னால் என்ன பதில் சொல்வது?

சிங்கப்பூரில் பிடோக் வட்டாரத்தில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்து ராவுத்தர் குடும்பம். மாமியார் பாதி மலாய்க்காரர். பெண் குழந்தைக்கு நான்கு மாதம். அடுத்த மாதம் மருந்தகத்துக்குக் கூட்டிப்போய் 'சுனாட்', அதாவது பெண் குழந்தையின் பிறப்புறுப்பில் செய்யும் சுன்னத்து, செய்துவிட வேண்டும் என்கிறார் மாமியார். 'சின்னதாக ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான்' என்கிறாராம். இணையத்தில் தேடினால் இதை எதிர்த்துப் பேசும் பெண்கள் நிறையப் பேர் வருகிறார்கள், ஆனால் காட்டுவதெல்லாம் ஆப்பிரிக்கா. இங்கே நடப்பதும் அதுவும் ஒன்றா என்பது அவர் கேள்வி. கூடவே இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: 24 வயது நாத்தனாருக்கு, தனக்கும் இதைச் செய்திருக்கிறார்கள் என்பது இந்தப் பேச்சு நடந்த அன்றுதான் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து அவள் தாயோடு சரியாகப் பேசுவதில்லை. 'ஒரு குத்துக்கு இவ்வளவு கோபமா?' என்று கடிதம் எழுதியவர் கேட்கிறார்.

இரண்டும் ஒன்றா என்பது மேலோட்டமான கேள்வி. உள்ளே இருப்பது வேறு என்று எனக்குப் படுகிறது. சின்ன விஷயம் என்று வீட்டுப் பெரியவர் சொல்லும்போது வேண்டாம் என்று மறுக்க எனக்குப் போதுமான காரணம் இருக்கிறதா, மறுத்தால் குடும்பத்தை அவமதிப்பதாகிவிடுமா? இதைத்தான் கேட்கிறீர்கள். காரணம் இருக்கிறது. அது என்னவென்று சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நான் 31 வருடம் தாதியாக வேலை பார்த்தவள், அதில் பெரும்பகுதி பிரசவப் பிரிவில். நானும் தமிழ் முஸ்லிம்தான், வாப்பா வழி நாகூர். கேலாங் சிராய் பக்கம் மலாய்க்கார அண்டைவீட்டார் நடுவில் வளர்ந்தேன். எனக்கு இதைச் செய்யவில்லை. ஊரிலிருந்து வந்த என் உம்மா இப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டதில்லை. எதிர்வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அத்தை) கேட்டபோது, 'பொம்பளப் புள்ளைக்கா?' என்று திகைத்துப்போனதாகப் பிறகு சொல்வார். நான் மார்க்கம் படித்த ஆலிமா இல்லை, வக்கீலும் இல்லை. மார்க்கம், சட்டம் பற்றிக் கீழே சொல்வதைப் படித்துத் தெரிந்துகொண்டவள் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பைப் பற்றிச் சொல்வதை வேலையில் பழகியவள் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம்.

முதலில், இது என்ன? பெண்ணின் வெளிப்பிறப்புறுப்பை மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல் வெட்டுவது, கீறுவது, குத்துவது எல்லாவற்றையும் உலகச் சுகாதார நிறுவனம் ஒரே பெயரில் சேர்த்து, நான்கு வகையாகப் பிரிக்கிறது. கிளிட்டோரிஸ் எனப்படும் மொட்டையோ அதை மூடியிருக்கும் தோலையோ வெட்டுவது முதல் வகை. அதோடு உள்ளிதழ்களையும் வெட்டுவது இரண்டாவது. இதழ்களை வெட்டி ஒட்டவைத்துத் துவாரத்தைக் குறுக்கிவிடுவது மூன்றாவது. சோமாலியா, சூடான் பக்கம் அதிகம் கேள்விப்படுவது இதைத்தான், நீங்கள் இணையத்தில் பார்த்ததும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். குத்துவது, கீறுவது, சுரண்டுவது, சுடுவது எல்லாம் நான்காவது வகை. சிங்கப்பூரில் நடப்பது நான்காவது வகை அல்லது முதல் வகையின் சிறிய வடிவம். ஆகவே 'இரண்டும் ஒன்றா?' என்றால், உடம்புக்கு நேர்வதில் ஒன்றில்லை. மூன்றாவது வகைக்கு ஆளான பெண் மாதவிலக்கிலும் தாம்பத்தியத்திலும் பிரசவத்திலும் படும் பாடு வேறு. உலகச் சுகாதார நிறுவனம் 6 ஆப்பிரிக்க நாடுகளில் 28,000-க்கும் அதிகமான பிரசவங்களைக் கவனித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், வெட்டு எவ்வளவு பெரிதோ அந்த அளவுக்கு அறுவைப் பிரசவமும் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கும் குழந்தை இறப்பும் கூடியிருந்தன. அந்தக் கணக்கைக் கொண்டுவந்து உங்கள் மாமியாரிடம் நீட்டாதீர்கள். 'நாங்கள் அப்படியா செய்கிறோம்?' என்று அவர் கேட்பார், அவர் கேட்பது சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் இது ஆப்பிரிக்கா சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. யூனிசெஃப் 2024-ல் சொன்ன கணக்குப்படி உலகில் 23 கோடிக்கும் அதிகமான பெண்களுக்கு இது நடந்திருக்கிறது, அதில் 8 கோடிப் பேர் ஆசியாவில். பக்கத்து இந்தோனேசியாவில் 2013-ல் அரசாங்கமே எடுத்த கணக்கில் 11 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் செய்திருந்தார்கள். மும்பை, குஜராத் பக்கத்துத் தாவூதி போரா முஸ்லிம் சமூகத்தில் 'கத்னா' என்ற பெயரில் ஏழு வயதுவாக்கில் செய்கிறார்கள். இலங்கையிலும் உண்டு. கிழக்கு மாகாணத்திலிருந்து வந்த ஒரு சக தாதி, அங்கே குழந்தை பிறந்த நாற்பதாம் நாள் வாக்கில் இதைச் செய்யும் 'ஒஸ்தா மாமி' வீட்டுக்கு வருவார் என்று சொன்னார். தமிழ் பேசும் வீடுகளுக்குள், நம் மொழியிலேயே பெயர் வைத்து நடக்கிற காரியம் இது. நம்மவர்களிடம் இல்லவே இல்லை என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அதைக் கேட்டபோது தூக்கிவாரிப்போட்டது.

இப்போது அந்தச் 'சின்னக் குத்து' விஷயத்துக்கு வருகிறேன். நான் நேரில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். 1990-களின் நடுவில் சனிக்கிழமைகளில் ஒரு தனியார் மருந்தகத்தில் பகுதிநேரமாக வேலை செய்தேன். மாதத்தில் இரண்டு மூன்று குழந்தைகள் இதற்காகவே வரும். பெரும்பாலும் பாட்டிதான் தூக்கிக்கொண்டு வருவார், நல்ல பாஜு கூரோங் உடுத்தி, சில சமயம் மருத்துவருக்கு ஒரு டப்பாவில் புலுட் கூனிங் என்ற மஞ்சள் பசையரிசிச் சோறும் கொண்டுவந்து. பார்க்கத் தைரியம் இல்லாமல் அம்மா வெளியே உட்கார்ந்திருப்பார். மேசை மேல் குழந்தையைப் படுக்கவைத்து இரண்டு முழங்காலையும் தவளைக் கால் மாதிரி விரித்துப் பிடித்துக்கொள்வது என் வேலை. மருத்துவர் விரலால் விலக்கி, மஞ்சள் மருந்து தொட்டு, ஒரு சிறு கத்தரிக்கோலின் நுனியால் எதையோ கிள்ளி எடுப்பார். அரிசிக் குருணை அளவு இருக்கும். வேறு சில குழந்தைகளுக்கு ஊசி முனையால் குத்துவதோடு சரி. ரத்தம் ஒரு சொட்டு வந்ததா என்று பாட்டி எட்டிப் பார்ப்பார். பஞ்சு வைத்து அழுத்தி, டயப்பர் மாட்டி, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை ஐந்து மாதக் குழந்தை ஒன்று, கத்தரி படும் நேரத்தில் துள்ளிவிட்டது. நான் பிடித்த பிடி போதவில்லை. ரத்தம் ஒரு சொட்டோடு நிற்கவில்லை. பஞ்சை மாற்றி மாற்றி முக்கால் மணி நேரம் அழுத்திக்கொண்டே நின்றேன். கடைசியில் நின்றது, குழந்தையும் பால் குடித்தது, வேறு ஒன்றும் ஆகவில்லை. வெளியே இருந்த அம்மா என்னைப் பார்த்து, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். 'கொஞ்சம் அதிகம் அழுதாள், அவ்வளவுதான்' என்று சொன்னேன். குழந்தையின் அட்டையில் அன்று என்ன எழுதினார்கள் தெரியுமா? தேதி, கட்டணம், ஒரே ஒரு எழுத்து. எதை வெட்டினார்கள், எவ்வளவு வெட்டினார்கள், எவ்வளவு ரத்தம் போனது என்று ஒரு வரிகூட இல்லை. அதற்குப் பிறகு நான் அந்தச் சனிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. ஆனால் அந்தத் தாயிடம் சொன்ன பொய்யைத் திருத்தவும் இல்லை. அந்தக் குழந்தைக்கு இப்போது முப்பது வயது இருக்கும். அவளுக்குத் தெரியுமா என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

'சின்னது' என்ற சொல்லை நான் நம்பாததற்கு அதுதான் காரணம். யார் அளந்தார்கள்? ஆண் குழந்தைக்குச் செய்யும் சுன்னத்துக்குப் பயிற்சி உண்டு, முறை உண்டு, கருவி உண்டு, பதிவு உண்டு. அதைப் பற்றியும் விவாதம் இருக்கிறது, அதற்குள் இப்போது போகவில்லை. பெண் குழந்தைக்கு எதை, எவ்வளவு எடுக்க வேண்டும் என்று எந்த மருத்துவப் பாடத்திலும் கிடையாது, ஏனென்றால் எடுப்பதற்கு மருத்துவக் காரணமே கிடையாது. நான்கு மாதக் குழந்தைக்கு அந்த மொட்டு சில மில்லிமீட்டர்தான் இருக்கும். மேலே மூடியிருக்கும் தோல் அந்த வயதில் மொட்டோடு ஒட்டித்தான் இருக்கும். தோலை மட்டும் எடுத்தோம், மொட்டைத் தொடவில்லை என்று அந்த அளவில், துள்ளுகிற குழந்தையிடம், யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வெளியே தெரிவது நுனி மட்டும்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த உறுப்பின் பெரும்பகுதி உள்ளே இருக்கிறது என்பதை ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் 1998-ல்தான் விளக்கமாக எழுதினார். நுனிக்குப் போகும் நரம்பிழைகள் பத்தாயிரத்துக்கும் மேல் என்று 2022-ல் அமெரிக்காவில் எண்ணிச் சொன்னார்கள். நான் தாதிப் பயிற்சியில் படித்த புத்தகத்தில் இதற்கு இருந்தது இரண்டு வரி. வீட்டில் இதற்குப் பேச்சுத் தமிழில் ஒரு மரியாதையான சொல்கூட இல்லை. பெயரே இல்லாத ஒன்றை வெட்டினால், வெட்டினார்கள் என்று எப்படிச் சொல்வது?

எது நிச்சயம், எது நிச்சயமில்லை என்று பிரித்துச் சொல்கிறேன். இதனால் உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை என்பது நிச்சயம். சுத்தம் கூடாது, நோய் குறையாது, பிரசவம் எளிதாகாது. உடனடி ஆபத்துகள் உண்டு என்பதும் நிச்சயம்: ரத்தப்போக்கு, கிருமித்தொற்று, எரிச்சலால் சிறுநீர் கழிக்காமல் குழந்தை அடக்குவது, காயம் ஆறும்போது இதழ்கள் ஒட்டிக்கொள்வது. சுத்தமான மருந்தகத்தில் இவை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இல்லாமல் போவதில்லை. நிச்சயமில்லாதது நீண்டகால விளைவு. கைக்குழந்தையாக இருந்தபோது ஊசியால் குத்தப்பட்ட பெண்ணுக்கு முப்பது வயதில் உணர்ச்சி குறைகிறதா என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. குறையும் என்று அடித்துச் சொல்கிறவர்களும், குறையவே குறையாது என்று சொல்கிறவர்களும் கையில் இருப்பதைவிட அதிகமாகச் சொல்கிறார்கள். இங்கே செய்துகொண்ட பல பெண்கள் எந்தக் குறையும் உணராமல் வாழ்கிறார்கள் என்பதும் உண்மை. அவர்களைப் பார்த்து 'நீ சிதைக்கப்பட்டவள்' என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நம் பத்திரிகைகள் 'உறுப்புச் சிதைப்பு' என்று எழுதுகின்றன. ஐக்கிய நாட்டு அமைப்புகளும் அப்படிப்பட்ட சொல்லைத்தான் வைத்திருக்கின்றன. ஆனால் அனுபவித்த பெண்களில் பலர் 'வெட்டு' என்ற சொல்லே போதும், என் உடம்பைச் சிதைந்தது என்று என் காதுபடச் சொல்லாதீர்கள் என்கிறார்கள். நானும் அதனால்தான் வெட்டு என்றே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள்? அரசாங்கக் கணக்கு இல்லை. இந்த வெட்டை நிறுத்தக் கோரும் 'எண்ட் எஃப்ஜிசி சிங்கப்பூர்' என்ற குழு 360 முஸ்லிம் பெண்களிடம் கேட்டபோது முக்கால்வாசிப் பேர் தங்களுக்குச் செய்யப்பட்டதாகச் சொன்னார்கள். பதில் சொல்ல முன்வந்தவர்களின் கணக்கு அது, மொத்தச் சமூகத்துக்கும் பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் அரிதான வழக்கம் என்று யாரும் சொல்ல முடியாது என்பதற்கு அது போதும். முன்பு பிடான் எனப்படும் மருத்துவச்சி வீட்டுக்கு வந்து செய்தார், இப்போது மருந்தகத்தில் செய்கிறார்கள். வெள்ளை மேசைக்கு வந்துவிட்டதாலேயே அது மருத்துவம் ஆகிவிட்டது என்று நம் ஆட்கள் நம்புகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் மருத்துவர், தாதி யாரும் இதைச் செய்யவே கூடாது என்று வெகுகாலமாகச் சொல்லிவருகிறது. 2007-ல் எகிப்தில் ஒரு சிறுமி இறந்தது ஒரு மருத்துவரின் கையில், மருந்தகத்தில்தான்.

'குத்து மட்டும் என்றால் அனுமதித்தால் என்ன?' என்று பெரிய இடங்களிலும் யோசித்திருக்கிறார்கள். 2010-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம், பெரிய வெட்டைத் தடுக்கச் சின்னக் குத்தை அனுமதிக்கலாமா என்ற யோசனையை எழுதியது. எதிர்ப்பு எழுந்ததும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் போரா சமூகத்துச் சகோதரிகள் இருவருக்குச் செய்யப்பட்ட வழக்கு மேலே போனபோது, 2019-ல் அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சடங்குக்காகச் செய்யும் சிறு கீறலும் குற்றத்துக்குள் வரும் என்று முடிவு சொன்னது.

இனி, எதிர்த்துப் பேசும் பெண்களைப் பற்றி. உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் வலித்த இடம் 'ஒரு குத்துக்கு இவ்வளவு கோபமா?' என்பது. அவர்கள் பேசுவதை உட்கார்ந்து கேட்டால், சதையின் அளவைப் பற்றி அவர்கள் பேசுவது குறைவு. மும்பையைச் சேர்ந்த மசூமா ரனால்வி, ஏழு வயதில் இனிப்பு வாங்கித் தருவதாகப் பாட்டி கூட்டிப்போனதை வெளிப்படையாக எழுதினார். 2015-ல் அவரும் மற்றப் போரா பெண்களும் தங்கள் சொந்தப் பெயரைப் போட்டு, தடை செய்யுங்கள் என்று மனு எழுப்பினார்கள். அதுவரை அந்தச் சமூகத்தில் பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவிலேயே பேசப்படாத விஷயம் அது. அவர் திரும்பத் திரும்பச் சொல்வது, நம்பிய கை ஏமாற்றியது என்பதைத்தான். இலங்கையில் பெண்கள் நாடாளுமன்றக் குழுவின் முன் தங்கள் அனுபவத்தைக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு 2018-ல் சுகாதாரத் துறை, மருத்துவப் பணியாளர் யாரும் இதைச் செய்யக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. நம் ஊரில் சாசா ஃபரடில்லா, தனக்கு நடந்ததைத் தன் இருபதுகளில்தான் தெரிந்துகொண்டார். அதைக் கல்லூரி ஆய்வாகவே எடுத்துக்கொண்டு பல பெண்களிடம் பேசி, பிறகு நான் மேலே சொன்ன குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்.

ஏழு வயதில் நடந்தவர்களுக்கு நினைவு இருக்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தவர்களுக்கு நினைவே இல்லை, ஆனால் தெரியவரும் நாள் ஒன்று வருகிறது. அந்த நாளைப் பற்றித்தான் நம் ஊர்ப் பெண்கள் பேசுகிறார்கள். தாதியாக இருந்த காலத்தில் என்னிடம் தனியாக வந்து கேட்ட பெண்கள் ஒரு இருபது பேராவது இருப்பார்கள். ஒருத்திகூட 'எனக்கு வலிக்கிறது' என்று தொடங்கவில்லை. 'எனக்கு என்ன செய்தார்கள்?', 'ஏன் யாரும் சொல்லவில்லை?', 'எனக்கு இருக்கிறது சரியாகத்தான் இருக்கிறதா?' என்றுதான் கேட்டார்கள். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் வந்த ஒருத்தி, 'என் உடம்பைப் பற்றி என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, தாதி' என்றாள். உங்கள் நாத்தனாரின் கோபம் இந்த ரகம் என்று நினைக்கிறேன். குத்தின் அளவைச் சொல்லி அதைத் தணிக்க முடியாது.

எதற்காகச் செய்கிறார்கள் என்ற காரணமும் அவர்கள் காதில் விழுந்திருக்கும். செய்யாவிட்டால் பெண் 'கத்தால்' ஆகிவிடுவாள் என்று மலாயில் சொல்வார்கள். அரிப்பு என்று அர்த்தம், ஆண்கள் பின்னால் அலைவாள் என்பது பொருள். ஐந்து மாதக் குழந்தையைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்பதை வளர்ந்த பிறகு கேட்கும் பெண்ணுக்கு எப்படி இருக்கும்? சில வீடுகளில் யாரும் அப்படி நினைப்பதில்லை. வழக்கம், மார்க்கம், தொப்புள்கொடி விழுவது போல நடந்துபோகும் ஒன்று என்றுதான் செய்கிறார்கள். உங்கள் மாமியாரும் அப்படியே இருக்கலாம். தன் பேத்திக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்று செய்த ஒரு பாட்டியைக்கூட நான் அந்த மருந்தகத்தில் பார்க்கவில்லை. எதிர்த்துப் பேசும் பெண்களில் பெரும்பாலானோரும் தங்கள் அம்மாக்களை நேசிக்கிறார்கள். அதனால்தான் பேசுவதற்கு அத்தனை வருடம் ஆகிறது.

மார்க்கத்தைப் பற்றி மாமியார் நிச்சயம் கேட்பார், ஆகவே தெரிந்துகொள்ளுங்கள். குர்ஆனில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை. அதிகம் எடுத்துச் சொல்லப்படும் ஹதீஸ் (நபிமொழி) அபூதாவூத் தொகுத்த நூலில் வருகிறது, அது பலவீனமானது என்று அபூதாவூதே குறிப்பிட்டிருக்கிறார். ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) இதைக் கடமை என்று சொன்ன அறிஞர்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. மலாய் உலகம் பெரும்பாலும் ஷாஃபி என்பதால்தான் இந்த வழக்கம் இங்கே வேரூன்றியது. மலேசியாவில் மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தேசிய ஃபத்வாக் குழு 2009-ல் கடமை என்றே சொன்னது, தீங்கு வருமானால் தவிர்க்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டது. ஹனஃபி மத்ஹபில் இது கடமை இல்லை. ராவுத்தர்கள் ஹனஃபி என்பதால் உங்கள் தாய்வீட்டில் இந்தப் பேச்சே எழாமல் இருந்ததில் வியப்பில்லை. எகிப்தில் 2006-ல் அல் அஸ்ஹரில் கூடிய அறிஞர்கள் இதைக் கைவிட வேண்டும் என்றார்கள், அடுத்த ஆண்டு அந்தச் சிறுமி இறந்த பிறகு அந்நாட்டுத் தலைமை முஃப்தி இது தடுக்கப்பட்டது என்றே அறிவித்தார். சிங்கப்பூர் இஸ்லாமியச் சமய மன்றமான நம் முயிஸும் தீங்கு தரும் எந்தச் செயல்முறையையும் தான் ஆதரிப்பதில்லை என்ற நிலையில் இருக்கிறது. ஆக, அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. செய்யாவிட்டால் குழந்தை முஸ்லிம் இல்லை என்பது போன்ற பேச்சுக்கு மட்டும் எந்த மத்ஹபிலும் இடம் இல்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, சிங்கப்பூரில் இதைப் பெயர் சொல்லித் தடுக்கும் தனிச் சட்டம் இல்லை. பெண்கள் உரிமை, குழந்தைகள் உரிமை இரண்டுக்குமான அனைத்துலக ஒப்பந்தங்களில் 1995-லேயே நாம் சேர்ந்துவிட்டோம். இந்தோனேசியா 2024-ல் கொண்டுவந்த சுகாதார விதிமுறையில் இந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று எழுதிவிட்டது. இங்கே சட்டம் வரும்வரை தடுப்பது பெற்றோர் கையில்தான் இருக்கிறது, அதாவது உங்கள் கையிலும் உங்கள் கணவர் கையிலும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் கணவரிடம் தனியாகப் பேசுங்கள். பல வீடுகளில் ஆண்களுக்கு இது நடப்பதே தெரியாது. அவருடைய தங்கையின் நிலையைச் சொல்லியே தொடங்கலாம். மாமியாரிடம் பேச வேண்டியது அவர், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். பேசும்போது ஆப்பிரிக்கா வேண்டாம், சிதைப்பு என்ற சொல் வேண்டாம், 'நீங்கள் தப்பு செய்தீர்கள்' என்ற பேச்சே வேண்டாம். நான் பலருக்கும் சொல்லிக்கொடுத்தது இதுதான்: 'மாமி, இது அவள் உடம்பு. பெரியவளாகி அவளே கேட்டால் அப்போது அவள் விருப்பம். இப்போது செய்யாமல் இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது, செய்துவிட்டால் திருப்பி எடுக்க முடியாது.' இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். மறுக்கும் பாட்டிகள்கூடக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். குழந்தை பிறந்ததற்கு ஆடு அறுத்துக் கொடுக்கும் அக்கீக்காவும் பெயர் வைப்பதும் முடிந்துவிட்டதென்றால், அதற்கு ஈடாக வேறு ஒரு சந்தோஷத்தை மாமியார் கையில் கொடுங்கள். குழந்தையின் பெயரால் ஒரு துவா ஓதி நாலு வீட்டுக்குச் சாப்பாடு கொடுப்பதைச் செய்து மனம் மாறிய ஒரு பாட்டியை எனக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், மனம் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. பேச்சு முடிவாகும் வரை குழந்தையைத் தடுப்பூசிக்கோ வேறு எதற்கோ மருந்தகத்துக்கு நீங்களே தூக்கிப் போங்கள். அம்மாவுக்குத் தெரியாமல் பாட்டி கூட்டிவந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்புறம் உங்கள் நாத்தனார். அவளுக்கு விஷயம் என்னவென்று தெரிய வேண்டும் என்றால் பெண் மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் காட்டலாம். தோல் எடுக்கப்பட்டிருந்தால் பழகிய கண்ணுக்குத் தெரியும். ஊசிக் குத்து என்றால் பெரும்பாலும் தழும்பே இருக்காது, 'ஒன்றும் தெரியவில்லை' என்ற பதிலோடு வருவதற்கும் அவள் தயாராக இருக்க வேண்டும். பெண்களின் உறுப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும், படத்தைப் பார்த்துத் தன்னைத்தானே ஒப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள். பேச ஆள் வேண்டுமானால் அவேர் என்ற பெண்கள் உரிமை அமைப்பின் உதவித் தொலைபேசி இருக்கிறது. தன்னைப் போன்றவர்களோடு பேச விரும்பினால் நான் மேலே சொன்ன குழுவில் இருப்பவர்கள் அவள் வயதுப் பெண்கள்தான். நீங்கள் அவளிடம் 'சின்ன விஷயம்' என்று சொல்லாமல் இருந்தாலே பாதி உதவி செய்த மாதிரி. அவள் தாயிடம் கேட்க நினைப்பது பெரும்பாலும் ஒரே கேள்வியாக இருக்கும்: அன்றைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போனது யார், நீங்கள் எங்கே இருந்தீர்கள்? மாமியாருக்கும் அதற்குப் பதில் சொல்ல ஆசை இருக்கலாம், யாரும் கேட்காததால் சொல்லாமல் இருக்கலாம். குழந்தையைப் பற்றி மாமியாரிடம் பேசும் நாளில் அவளையும் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கேளுங்கள். வரவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.